பதினான்கு பேரிடம் பேசியும் ‘நம்பிக்கை, உதவி, பகிர்தல்’ தாண்ட முடியவில்லை: மாணவர் நட்பு ஆய்வில் எங்கே தவறினேன்?

#1 | பரங்கிமலை ரயிலடி

வணக்கம். சமூகவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்காகச் சென்னையில் மூன்று கல்லூரிகளைச் சேர்ந்த இளங்கலை மாணவர்கள் 14 பேரிடம் நட்பைப் பற்றி ஆழ்நேர்காணல் எடுத்திருக்கிறேன். எட்டுப் பெண்கள், ஆறு ஆண்கள். மிகச் சிறியது நாற்பது நிமிடம், மிக நீண்டது ஒன்றேகால் மணி நேரம். எல்லாவற்றையும் எழுத்துப்படியாக்கி, வரிவரியாகக் குறியீடு (அந்த வரி எதைச் சொல்கிறது என்ற சிறு பெயர்) இட்டு, அவற்றிலிருந்து கருப்பொருள்களை உருவாக்க உளவியலாளர்கள் பிரவுனும் கிளார்க்கும் 2006-இல் எழுதிய ஆறு கட்ட முறையை ஒட்டியே போனேன். கடைசியில் கையில் நின்ற கருப்பொருள்கள் நான்கு: நம்பிக்கை, உதவி, பகிர்தல், பிரிவு.

நெறியாளர் படித்துவிட்டு, “இதைச் சொல்வதற்கு நீ யாரையும் சந்தித்திருக்க வேண்டியதில்லையே அம்மா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே இரண்டு நாளாகத் தூக்கம் வரவில்லை.

நான் கேட்ட முதன்மைக் கேள்விகள்: நட்பு என்றால் உங்களுக்கு என்ன? நல்ல நண்பரிடம் என்ன பண்புகள் இருக்க வேண்டும்? கல்லூரிக்கு வந்தபின் உங்கள் நட்பு எப்படி மாறியது? பாதிப் பேர் முதல் கேள்விக்கே “உடுக்கை இழந்தவன் கைபோல” என்று தொடங்கினார்கள். ஒருவர் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் சொன்னார். அப்போது மகிழ்ச்சியாக இருந்தது. இப்போது பார்த்தால் எல்லாப் பதிலும் ஒன்றுபோல இருக்கிறது. நேர்காணலில் தவறா, பகுப்பாய்வில் தவறா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 | களக்குறிப்பு

இரண்டிலும் இருக்கிறது, தங்கச்சி. ஆனால் முதலில் கேள்வி.

நான் பதினைந்து ஆண்டுகளாகக் களத்தில் நேர்காணல் எடுக்கிறேன். “நட்பு என்றால் என்ன” என்று கேட்டால் அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வு எழுதத் தொடங்கிவிடும். அது அவர்கள் குற்றமில்லை. கேள்வி வரையறையைக் கேட்கிறது, வரையறை பாடப்புத்தகத்தில் இருக்கிறது, எடுத்துத் தருகிறார்கள். குறள் 788 வந்ததென்றால் நீங்கள் இன்னும் அவர்கள் வாழ்க்கைக்குள் காலடி வைக்கவில்லை என்று பொருள்.

நடந்ததைக் கேளுங்கள். உளவியலாளர் ஜான் ஃப்ளானகன் 1954-லேயே இதை ஒரு முறையாக எழுதிவைத்தார்: பொதுவான கருத்தைக் கேட்காதே, குறிப்பிட்ட ஒரு நிகழ்ச்சியைக் கேள், யார் என்ன செய்தார், பிறகு என்ன ஆனது என்று கேள். “கடைசியாக யாருடன் பேச்சை நிறுத்தினீர்கள்? அன்று காலையிலிருந்து சொல்லுங்கள்.” “சின்ன வயதில் காய் விட்டு, பழம் விட்டுச் சேர்ந்திருப்பீர்கள். இப்போது சண்டை வந்தால் எப்படிச் சேர்கிறீர்கள்? யார் முதலில் செய்தி அனுப்புவது?” “2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கே இருந்தீர்கள், யார் கூப்பிட்டார்கள்?” இப்படிக் கேட்டால் குறள் வராது. மின்சாரம் போன இரவு வரும், சார்ஜ் இல்லாத போன் வரும், யார் வீட்டு மாடி என்பது வரும்.

இன்னொன்று, இடம். கல்லூரி கேன்டீனில் எடுத்தீர்களா? அடுத்த மேசையில் வகுப்புத் தோழி உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பிள்ளையும் நட்பில் பட்ட காயத்தைச் சொல்லாது. மெரினாவும் வேண்டாம். மனம் திறந்து பேசுவார்கள், வீட்டுக்கு வந்து கேட்டால் ஒலிப்பதிவு முழுக்கக் கடற்காற்று. ஒருமுறை இரண்டு மணி நேரப் பேச்சை அப்படியே இழந்திருக்கிறேன். எனக்கு வாய்த்த நல்ல இடம் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் வெளிப்பக்கம். நிழல் உண்டு, ஆட்கள் நடமாட்டம் உண்டு, ஆனால் யார் காதிலும் விழாது.

#3 | எண்ணாளர்

நான் புள்ளியியல்காரன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், உண்மையான சந்தேகம். 14 பேரை வைத்துச் சென்னை மாணவர் நட்பைப் பற்றி என்ன சொல்ல முடியும்? குறியீடு இட்டது நீங்கள் ஒருவர் மட்டும்தானே? இன்னொருவர் தனியாகக் குறியிட்டு, இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறீர்கள் என்று பார்த்தீர்களா? அதற்கு 1960-இலேயே ஜேக்கப் கோஹன் கப்பா என்ற அளவையைத் தந்துவிட்டார். அது இல்லாமல் உங்கள் கருப்பொருள் உங்கள் அபிப்பிராயம் இல்லை என்று நெறியாளர் எப்படி நம்புவார்?

#4 | பழைய கரும்பலகை

எண்ணாளர் கேட்டது நேர்மையான கேள்வி. முப்பது ஆண்டு இதைக் கற்பித்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

14 பேரை வைத்துச் சென்னை மாணவர்களில் எத்தனை விழுக்காட்டினர் இப்படி என்று சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. நட்பு எப்படி நடக்கிறது, எந்த இடத்தில் இடறுகிறது, அதற்கு என்ன சொற்களைப் பயன்படுத்துகிறார்கள் என்பதைச் சொல்லலாம். எத்தனை பேர் போதும் என்பதற்கு மாணவர்கள் உடனே ‘12’ என்பார்கள். அந்த எண் கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூவரும் 2006-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வருகிறது. கானா, நைஜீரியா நாடுகளில் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களை மீண்டும் ஆராய்ந்து, முதல் 12-க்குள்ளேயே பெரும்பாலான குறியீடுகள் வந்துவிட்டன என்றார்கள். ஆனால் அந்தப் பெண்கள் ஓரளவு ஒரே வகையினர், கேள்விகளும் ஒன்றே என்பதை அவர்களே சொல்லியிருக்கிறார்கள். தாம்பரத்திலிருந்து ரயிலில் வந்துபோகும் பெண்ணும், திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கிப் படிக்கும் இளைஞனும் ஒரே வகையா? எண்ணைக் கடன் வாங்கினால் அதன் நிபந்தனையையும் சேர்த்து வாங்க வேண்டும். ‘நிறைவு நிலை’ என்ற கருத்தை 1967-இல் சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராஸும் முன்வைத்தபோது அது தலை எண்ணும் கணக்காக இல்லை. புதிய ஆள் வந்தும் உங்கள் கருத்தாக்கத்தில் புதிதாக எதுவும் சேரவில்லை என்ற நிலையைத்தான் சொன்னார்கள்.

கப்பாவைப் பற்றி: முன்கூட்டியே குறியீட்டுப் பட்டியல் வைத்துக்கொண்டு பலர் சேர்ந்து குறியிடும் ஆய்வுகளில் அதற்கு இடம் உண்டு. பிரவுனும் கிளார்க்கும் அதைத் தங்கள் முறைக்குப் பொருந்தாதது என்றே சொல்லிவருகிறார்கள். அவர்களுடைய பிற்கால எழுத்துகளை, குறிப்பாக 2019-க்குப் பிந்தியவற்றை, இந்தப் பெண் படிக்க வேண்டும். கருப்பொருள்கள் தரவிலிருந்து ‘எழுந்து வந்தன’ என்று எழுதுவதை அவர்கள் தொடக்கத்திலிருந்தே கண்டிக்கிறார்கள். எழுவதற்கு அவை அங்கே படுத்திருக்கவில்லை. படிப்பவர், தன் அறிவோடும் தன் குருட்டு இடங்களோடும், அவற்றை உருவாக்குகிறார். ஆகவே ‘உன் அபிப்பிராயம்தானே’ என்ற கேள்விக்கு இன்னொரு ஆளின் ஒப்புதல் பதிலாகாது. எந்தச் சொல்லிலிருந்து எந்த முடிவுக்கு வந்தாய் என்று ஒவ்வொரு படியையும் திறந்து காட்டுவதே பதில்.

இனி மகளே, உன் நான்கும் கருப்பொருள்கள் அல்ல, தலைப்புகள். ‘உதவி’ என்று எழுதினால் உதவி பற்றிப் பேசினார்கள் என்று மட்டும்தான் தெரிகிறது. உதவியைப் பற்றி என்ன? அதை ஒரு முழு வாக்கியமாகச் சொல்ல முடிகிறதா பார். வினைச்சொல் இல்லாமல் நிற்கிற கருப்பொருளை நான் என் மாணவர்களிடம் ஏற்றுக்கொண்டதில்லை.

#5 | பரங்கிமலை ரயிலடி

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. எண்ணாளர் சார், உங்கள் கேள்வி வாய்மொழித் தேர்விலும் வரும், அதனால் உங்களுக்கும் நன்றி.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்பதால், தமிழ்ப் பேச்சைக் கேட்டபடியே நேரடியாக ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தேன். குறியீடுகளும் ஆங்கிலத்தில்தான். நேற்று இரவு சந்தேகம் வந்து ஓர் ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டேன். “அவளுக்கும் எனக்கும் இப்போது பேச்சுவார்த்தை இல்லை” என்று அந்தப் பெண் சொல்கிறாள். என் படியில் இருவரும் மெல்ல விலகிவிட்டதாக இருக்கிறது. விலகவே இல்லை, ஐயா. ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். பேசுவதில்லை, அவ்வளவுதான்.

#6 | களக்குறிப்பு

அப்படியானால் உங்கள் பகுப்பாய்வு இன்னும் தொடங்கவில்லை. மனம் தளர வேண்டாம், ஒலிப்பதிவு கையில் இருக்கிறது. பேசியது பேசியபடியே தமிழில் எழுத்துப்படி எடுங்கள். பேச்சை எழுத்து வழக்காக மாற்றாதீர்கள், தயக்கத்தையும் ‘ம்’ சொன்னதையும் விடாதீர்கள். தமிழிலேயே குறியிடுங்கள். ஆய்வேட்டில் மேற்கோள் காட்டும் பகுதியை மட்டும் கடைசியில் மொழிபெயர்த்தால் போதும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நட்பைத் தரம்பிரிக்கும் நுட்பம் முழுவதும் நம் சொற்களில் இருக்கிறது. “பழக்கம்தான், நட்பு என்று சொல்ல முடியாது” என்கிறார்களே, அந்தப் பழக்கத்துக்கும் நட்புக்கும் நடுவில் இருக்கிற கோடு எங்கே? ‘உரிமை’ என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். “உரிமையாகக் கேட்டாள்”, “அவ்வளவு உரிமை எடுத்துக்கொள்ள இவன் யார்”. ஆங்கிலத்தில் இது சட்டப் புத்தகச் சொல்லாகிவிடும். நம் மாணவர்களுக்கோ அது நெருக்கத்தின் அளவுகோல்.

பையன்களிடம் ‘மச்சான்’, ‘மாப்பிள்ளை’யைக் கவனியுங்கள். திருமணத்தால் வரும் உறவுச் சொற்கள் அவை. சாதி தெரியாத, அல்லது தெரிந்தே வேறான ஒருவனை அப்படி அழைக்கிறான். அதே சொல்லை அவன் வீட்டுக் கூடத்தில், அப்பா முன்னால் சொல்வானா? அங்கே ஒரு கருப்பொருள் காத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

#7 | எண்ணாளர்

காத்திருக்கிறது என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது, அம்மா. நானும் கல்லூரியில் எல்லோரையும் மச்சான் என்றுதான் அழைத்தேன். அதன் உறவுமுறைப் பொருள் ஒரு கணமும் நினைவில் வந்ததில்லை. தேய்ந்துபோன சொல் அது. ஆய்வாளர் தன் மனத்தில் இருக்கும் சாதியை அந்தச் சொல்லின்மேல் ஏற்றிவிட்டால், அது திறந்து காட்டிய படியாகுமா?

#8 | பழைய கரும்பலகை

ஆகாது. இதில் எண்ணாளர் பக்கம்தான் நான். சொல் தேய்ந்ததா, உயிரோடு இருக்கிறதா என்பதைப் பேசியவனின் வாயிலிருந்தே காட்ட வேண்டும். யாராவது ஒருவன் தானாகவே “வீட்டில் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன்” என்று சொல்லியிருந்தால் எழுதலாம். இல்லையென்றால் அது நல்ல ஊகம், அவ்வளவே. ஊகத்தைப் பொய்யாக்கக்கூடிய நேர்காணல்களை முதலில் தேடிப் படிப்பது என் பழக்கம்.

‘உரிமை’ பற்றி ஒரு சிறு குறிப்பு. மாணவர்கள் திருக்குறளின் 79-ஆம் அதிகாரமான ‘நட்பை’ ஒப்பிப்பார்கள், 81-ஐ ஒருவரும் தொடுவதில்லை. ‘பழைமை’ என்ற அந்த அதிகாரம் முழுவதும் இதைத்தான் பேசுகிறது. கிழமை என்கிறார் வள்ளுவர், உரிமை என்று பொருள். நண்பன் கேட்காமலே ஒன்றைச் செய்துவிட்டால் அதை ஏற்பதா, சினப்பதா என்பதே அங்கே கேள்வி. உன் மாணவர்களின் சொல்லுக்கு நீண்ட வேர் இருக்கிறது. அதற்காக வள்ளுவரைக் கொண்டு வந்து உன் முடிவை நிறுவிவிடாதே.

#9 | பரங்கிமலை ரயிலடி

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். 14 பதிவுகளில் 11-ஐத் தமிழில் முழுமையாக எழுதிவிட்டேன்.

மச்சானைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, எண்ணாளர் சார். அதை விட்டுவிட்டேன். ஆனால் ‘உரிமை’ ஒன்பது பேர் பேச்சில், நான் கேட்காமலே வருகிறது. அதிகமாக எதனோடு சேர்ந்து வருகிறது தெரியுமா? சாப்பாட்டோடு. “கேட்காமலே என் டிபன் பாக்ஸில் கை வைப்பாள்” என்பது நெருக்கத்துக்குச் சான்றாகத் திரும்பத் திரும்ப வருகிறது. மெஸ்ஸில் தட்டு மாற்றிக்கொள்வது, ஒரே டம்ளரில் டீ, அரைச் சமோசா. இவற்றுக்கெல்லாம் முன்பு ‘பகிர்தல்’ என்று குறியீடு இட்டிருந்தேன். பகிர்தலில் கொடுப்பவர் முக்கியம். இவர்கள் பேச்சில் எடுப்பவர்தான் முக்கியம். கேட்காமல் எடுக்கிறார் என்பதைத்தான் பெருமையாகச் சொல்கிறார்கள்.

இப்போது ஒரு பகுதி. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், வாசிக்க வசதியாக எழுத்து வழக்கில் தருகிறேன்.

“வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. அவள்தான் அப்பாவோடு வந்து என்னை அழைத்துப்போனாள். நான்கு நாள் அவர்கள் வீட்டில் இருந்தேன். அவள் அம்மா நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். எனக்கென்று ஒரு தட்டும் டம்ளரும் தனியாக வைத்துவிட்டார்கள். விருந்தாளி இல்லையா, அதனால் இருக்கும். அவள் மட்டும் இல்லையென்றால் அந்த நான்கு நாள் என்ன செய்திருப்பேனோ.”

இதை ‘நெருக்கடியில் உதவி’ என்று குறித்திருந்தேன். இரண்டு பக்கம் முன்னால் இதே பெண்தான் டிபன் பாக்ஸில் கை வைக்கும் தோழியைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொன்னவள். அதே தோழிதான். ஒலிப்பதிவில் “தனியாக வைத்துவிட்டார்கள்” என்பதற்குப் பிறகு ஒன்பது வினாடி மௌனம் இருக்கிறது. என் ஆங்கிலப் படியில் அந்த மௌனமே இல்லை. அவள் பேசி முடித்ததும் நான் கேட்ட கேள்வி: “வேறு யாராவது உதவினார்களா?”

#10 | களக்குறிப்பு

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

உங்களைக் குறை சொல்ல மாட்டேன். மௌனம் வரும்போது அதை நிரப்பிவிடத்தான் நமக்குத் தோன்றும், குறிப்பாக எதிரில் இருப்பவள் நம்மைவிட நான்கு வயது இளையவள் என்றால். அவள் கதவைச் சற்றே திறந்தாள், நீங்கள் மரியாதையாகச் சாத்திவிட்டீர்கள். இனி ஒருபோதும் அவளிடம் போய் “அது சாதியாலா?” என்று கேட்காதீர்கள். அவள் கண்டுபிடித்து வைத்திருக்கும் விளக்கம் ‘விருந்தாளி’. அதை வைத்துத்தான் அந்த நட்பைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். அதை உடைக்க நமக்கு உரிமை இல்லை. திரும்பச் சந்தித்தால், “அந்த நான்கு நாளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்கிறீர்களா?” என்று மட்டும் கேளுங்கள். பிறகு காத்திருங்கள்.

பகுப்பாய்வுக்கு ஒரு வேலை தருகிறேன். 14 பேரின் நண்பர்களும் வீட்டுக்குள் எதுவரை வந்திருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். தெருமுனை, வாசல், கூடம், சமையலறை, மொட்டைமாடி. யார் யாரை எங்கே நிறுத்தினார்கள், அம்மா என்ன கேட்டார். “எந்த ஊர்ப் பக்கம்?” என்ற விசாரிப்பு எத்தனை வீட்டில் வந்தது. கல்லூரியில் கேட்காமல் எடுக்கிற கை, வீட்டில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

#11 | விடுதி அறை 7

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் ஆய்வாளர் இல்லை. இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஓர் அக்காவின் ஆய்வுக்கு நேர்காணல் கொடுத்தவள்.

பெயரை மாற்றினார்கள். ஆனால் நான் ஆடிய விளையாட்டு, என் மாவட்டம், விடுதியில் சேர்ந்த மாதம் எல்லாம் அப்படியே இருந்தன. ஆய்வேடு துறை நூலகத்தில் வைக்கப்பட்டது. என் தோழியைப் பற்றி நான் சொன்னதை என் தோழியே படித்தாள். நான் பொய் சொல்லவில்லை. ஆனால் அவளிடம் நேரில் சொல்லாத ஒன்றை ஒரு அந்நியரிடம் சொல்லியிருந்தேன். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நாங்கள் இன்றுவரை பேசுவதில்லை.

அக்கா, அந்தத் தட்டு வைத்த வீட்டுப் பெண்ணும் உங்கள் 14 பேரில் ஒருவரா?

#12 | பழைய கரும்பலகை

இந்தக் கேள்வியை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். நட்பு ஆய்வில் ஒருவர் மூலம் இன்னொருவரை அடையும் பனிப்பந்து முறை எளிது. ஆனால் அப்படிச் சேர்த்தவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். புனைபெயர் வெளியாரிடமிருந்துதான் காக்கும், அவர்களிடமிருந்து காக்காது. ஒப்புதல் படிவத்தில் வாங்கும் கையெழுத்து பேசியவருக்கு உரியது. பேசப்பட்டவர் எதிலும் கையெழுத்திடவில்லை. 18 வயது நிறையாத முதலாண்டு மாணவர் இருந்தால் பெற்றோர் ஒப்புதலும் வாங்கினாயா என்று பார்த்துக்கொள்.

#13 | பரங்கிமலை ரயிலடி

ஆம், தங்கச்சி. அவளும் 14 பேரில் ஒருத்திதான். இவள்தான் அவளை எனக்கு அறிமுகம் செய்தாள். அவளுடைய நேர்காணலில் அந்த நான்கு நாள் “எங்கள் வாழ்க்கையிலேயே மகிழ்ச்சியான நாட்கள்” என்று இருக்கிறது. தட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவள் கவனித்திருக்கவே மாட்டாள் என்று நினைக்கிறேன்.

வயது விஷயம் சரியாக இருக்கிறது ஐயா, எல்லோரும் 18 நிறைந்தவர்கள். ஆனால் அந்தப் பகுதியை இங்கே பதிவிட என்னிடம் ஒப்புதல் இல்லை. இப்போதே அவளைக் கூப்பிடுகிறேன். வேண்டாம் என்றால் நீக்கச் சொல்லிவிடுகிறேன்.

#14 | எண்ணாளர்

அவர் பேசிவிட்டு வரும்வரை ஒன்று சொல்லிவைக்கிறேன். கப்பா விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஆனால் அந்த ஒன்பது வினாடியை எந்தக் கேள்வித்தாளைக் கொண்டும் நான் பிடித்திருக்க முடியாது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு வேண்டுகோள்: தனித்தட்டு வைக்காத வீடுகளும் உங்கள் 14-இல் இருக்கும். அவற்றையும் அதே அக்கறையோடு எழுதுங்கள்.

#15 | பரங்கிமலை ரயிலடி

இருக்கின்றன, சார். மூன்று. ஒரு வீட்டில் தோழனின் அம்மா அவனைச் சமையலறைக்குள் அழைத்துத் தோசைக் கல்லிலிருந்து நேராகத் தட்டில் போடச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அதை அவன் பத்து நிமிடம் விவரிக்கிறான். ஏன் இவ்வளவு நீளமாகச் சொல்கிறான் என்று முன்பு புரியவில்லை. அக்கா சொன்ன தாளைப் போட்டபின் புரிகிறது. அவனைப் பொறுத்தவரை அது எங்கும் நடக்கிற விஷயமாக இருக்கவில்லை.

கருப்பொருளை இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: “கல்லூரியில் கேட்காமல் எடுக்கும் உரிமை, வீட்டு வாசலில் கேட்டுப் பெறும் உபசரிப்பாக மாறுகிறது, அந்த மாற்றத்துக்கு மாணவர்கள் தாங்களே ஒரு விளக்கம் கண்டுபிடித்து நட்பைத் தொடர்கிறார்கள்.” நீளம்தான். ஐயா கேட்ட வினைச்சொல் இருக்கிறது.

அவளிடம் பேசினேன். இழையை அனுப்பி, படித்தபின் முடிவு சொல்லச் சொன்னேன். இரவு கூப்பிட்டாள். இங்கே இருப்பது இருக்கட்டும், யாரென்று தெரியாது என்றாள். ஆய்வேட்டிலும் போடலாமாம். ஆனால் ஒரு நிபந்தனை: “அது அச்சில் வருவதற்கு முன்னால் நானே அவளிடம் சொல்லிவிடுகிறேன். செமஸ்டர் தேர்வு முடியட்டும், அக்கா. இப்போது சொன்னால் இருவருமே எழுத மாட்டோம்.”

சமர்ப்பிக்கும் தேதியை ஒரு மாதம் தள்ளிவைக்க நெறியாளரிடம் இன்று கடிதம் கொடுத்திருக்கிறேன். அதற்குள் மீதி மூன்று பதிவுகளையும் தமிழில் எழுதிவிடுவேன்.